யாருடைய கணக்கு? ஹிரோஷிமாவும் நாமும்

1

பிரெடெரிசியா நகரில் பழைய கோட்டை மேடுகளுக்கு அருகே ஒரு சிப்பாயின் சிலை நிற்கிறது. ஒரு கையில் துவக்கு, உயர்த்திய மறுகையில் இலையோடு கூடிய மரக்கிளை. அரசனுக்கோ தளபதிக்கோ அல்லாமல் பெயரில்லாத சாதாரணச் சிப்பாய்க்கு 1858 இல் எழுப்பிய சிலை என்பதில் இந்நகரத்தவருக்குப் பெருமை உண்டு. 1849 யூலை 6 ஆம் திகதி, நகரை முற்றுகையிட்டிருந்த சிலேஸ்விக்-ஹோல்ஸ்ரைன் படையை டெனிஷ் படை கோட்டையிலிருந்து வெளியே பாய்ந்து முறியடித்தது. அன்று இறந்த டெனிஷ் சிப்பாய்களில் ஏறக்குறைய 500 பேர் தேவாலய முற்றத்தில் ஒரே புதைகுழியில் கிடக்கிறார்கள். ஒவ்வொரு யூலையிலும் நகரம் அவர்களை நினைவுகூருகிறது. அச்சமருக்கு முந்திய வாரங்களில் முற்றுகையிட்ட படை நகரத்து வீடுகள் மீதும் குண்டு வீசியிருந்தது. சிலை பேசுவது சிப்பாயைப் பற்றி. வீடுகளுக்குள் இருந்தவர்களைப் பற்றி அது எதுவும் சொல்வதில்லை.

இந்த நகரத்தில்தான் சென்ற ஓகஸ்டில் எம்மவர் பத்துப் பன்னிரண்டு பேர் ஒரு வீட்டில் கூடி ஹிரோஷிமா பற்றிப் பேசினோம். அணுகுண்டு விழுந்து எண்பது ஆண்டுகள் கடந்துவிட்டன. பேச வந்தவர்கள் எல்லோரும் ஒரே விதமாகவே பேசினார்கள். கொடுமை, மன்னிக்க முடியாத குற்றம், ஏகாதிபத்தியத்தின் அட்டூழியம் என்றார்கள். நானும் அப்படியே பேசினேன். கடைசியாக, மூலையில் இருந்த ஓய்வுபெற்ற மாஸ்ரர் ஒருவர் வாய் திறந்தார்.

“தம்பி, நீங்கள் எல்லாரும் யப்பான்காரனுக்கு அழுறியள். நல்லது. என்ர பெரியப்பா மலாயாவிலை றெயில்வேயிலை கிளாக்கராய் இருந்தவர். சயாமுக்கு ரோட்டுப் போட எண்டு கொண்டுபோனவங்கள், எலும்பு கூடத் திரும்பி வரேல்லை. அந்தக் குண்டு விழுந்தபடியால்தான் அப்பா உயிரோடை ஊருக்கு வந்தவர். நான் பிறந்தது அதுக்குப் பிறகு. இப்ப சொல்லுங்கோ, குண்டு பிழையோ?”

யாரும் பதில் சொல்லவில்லை. தேநீர் வந்தது, பேச்சு வேறு திசைக்குப் போய்விட்டது. ஆனால் அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அமெரிக்க ஜனாதிபதி சொன்ன நியாயத்தை அமெரிக்கர் ஒருவர் திரும்பச் சொன்னால் நாம் உடனே கொதித்தெழுவோம். அதே நியாயத்தை எமது சொந்த வீட்டுச் சாவைக் காட்டி எமது மனிதர் ஒருவர் சொல்லும்போது என்ன சொல்வது? இக்கட்டுரை அதற்குப் பதில் தேடும் முயற்சி.

2

முதலில், நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகப் பார்ப்போம்.

1945 ஓகஸ்ட் 6, காலை 8.15. ஹிரோஷிமா நகரின் மையத்துக்கு மேலே யுரேனியக் குண்டு வெடித்தது. அவ்வாண்டு முடிவதற்குள் ஏறத்தாழ 140,000 பேர் இறந்தனர் என்பது பொதுவாக ஏற்கப்படும் மதிப்பீடு. ஓகஸ்ட் 9, காலை 11.02. நாகசாகியில் புளுட்டோனியக் குண்டு. அங்கே அவ்வாண்டு முடிவுக்குள் ஏறத்தாழ 70,000 பேர். அதே நாள் வானொலியில் பேசிய ஜனாதிபதி ட்ரூமன் ஹிரோஷிமாவை ஓர் இராணுவத் தளம் என்று குறிப்பிட்டார். அங்கே இராணுவத் தலைமையகம் ஒன்று இருந்தது உண்மை. ஆனால் விமானி குறிவைத்தது நகரின் நடுவே இருந்த ஒரு பாலத்தை. அன்று காலை, தீ பரவாமல் தடுப்பதற்காக வீடுகளை இடித்து வெளியாக்கும் வேலைக்குப் பாடசாலைப் பிள்ளைகள் ஆயிரக்கணக்கில் நகர மையத்துக்கு அழைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் சுமார் 6,000 பேர் இறந்தனர். பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பிள்ளைகள்.

இது தவறுதலாக நேர்ந்ததல்ல. 1945 மே மாதம் வாஷிங்டனில் கூடிய உயர்மட்டக் குழு, பெருந்தொகைத் தொழிலாளர் வேலை செய்யும், சுற்றிலும் தொழிலாளர் வீடுகள் நெருக்கமாக உள்ள போர்த் தொழிற்சாலையே சிறந்த இலக்கு என்று முடிவு செய்தது. எச்சரிக்கை கொடுப்பதில்லை என்றும் தீர்மானித்தது. உளவியல் தாக்கம் மிகப் பெரிதாக இருக்க வேண்டும் என்பது அங்கே வெளிப்படையாகப் பேசப்பட்ட விடயம். வீடுகளும் அவற்றில் இருந்த மனிதரும் இலக்கின் ஒரு பகுதியாகவே கணக்கிடப்பட்டார்கள்.

குண்டு ஏன் போடப்பட்டது என்பதற்கு நாம் இன்று அறிந்த விளக்கம் முழு வடிவம் பெற்றது பின்னர்தான். 1946 ஓகஸ்டில் ஜோன் ஹேர்ஸி என்ற பத்திரிகையாளர் ஆறு ஹிரோஷிமாவாசிகளின் கதையை ஒரு அமெரிக்கச் சஞ்சிகையின் முழு இதழாக எழுதினார். அமெரிக்க வாசகர்கள் முதல் தடவையாகக் குண்டின் கீழே இருந்த மனிதரைப் பார்த்தார்கள். மனச்சாட்சி உறுத்தத் தொடங்கியது. அதற்கு மறுமொழிபோல 1947 பெப்ரவரியில் முன்னாள் போர்ச் செயலாளர் ஹென்றி ஸ்ரிம்சன் ஒரு கட்டுரை வெளியிட்டார். யப்பான்மீது படையெடுத்திருந்தால் அமெரிக்கப் படைக்கு மட்டும் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இழப்பு ஏற்பட்டிருக்கலாம் எனத் தமக்குச் சொல்லப்பட்டதாக அவர் எழுதினார். இழப்பு என்பதில் காயமடைந்தவர்களும் அடங்குவர். நாளடைவில் மக்கள் பேச்சில் அது ‘பத்து இலட்சம் உயிர்களைக் காத்த குண்டு’ ஆயிற்று.

இந்த எண்ணைப் பற்றி வரலாற்றாசிரியர்கள் நெடுங்காலமாக வாதிடுகிறார்கள். 1945 யூன் நடுப்பகுதியில் அமெரிக்கப் போர்த் திட்டக் குழு தயாரித்த ஒரு கணிப்பில் இறப்பு 25,000 முதல் 46,000 வரை என்றிருந்தது. அதைவிடப் பன்மடங்கு பெரிய கணிப்புகளும் அப்போது இருந்தன. 1946 இல் வெளியான அமெரிக்க அரசின் குண்டுவீச்சு ஆய்வறிக்கை, அணுகுண்டு இல்லாமலே, படையெடுப்பும் இல்லாமலே, அவ்வாண்டு முடிவதற்குள் யப்பான் சரணடைந்திருக்கும் என்று கூறியது. ஓகஸ்ட் 8 இல் சோவியத் ஒன்றியம் போர் அறிவித்ததே யப்பானியத் தலைமையை முறித்தது என்போர் உண்டு. மறுபக்கம், நாகசாகிக்குப் பின்னரும் யப்பானின் போர்ச் சபை மூன்றுக்கு மூன்று என்று பிளவுபட்டே நின்றது. சக்கரவர்த்தி தலையிட வேண்டியிருந்தது. சரணடைவு அறிவிப்புக்கு முதல்நாள் இரவு கூட இளம் அதிகாரிகள் சிலர் அதைத் தடுக்கச் சதி செய்தார்கள். ஆகவே ‘யப்பான் எப்படியும் சரணடையத்தான் இருந்தது’ என்று நாம் இலேசாகச் சொல்லிவிட முடியாது. குண்டை எதிர்ப்பவர்கள் இந்த உண்மையை மறைக்கக் கூடாது. எமது வாதம் நிற்பதற்கு இடம் வேண்டுமென்றால் அது எண்களில் மட்டும் நிற்க முடியாது.

3

இனி மாஸ்ரரின் பெரியப்பாவிடம் வருவோம்.

யாழ்ப்பாணத்தில் வளர்ந்த எவருக்கும் ‘மலாயன் பென்சனியர்’ என்றால் யாரென்று தெரியும். பிரித்தானியர் காலத்தில் மலாயாவுக்குப் போய் ரயில்வேயிலும் அரசாங்கக் கந்தோர்களிலும் வேலை செய்து, ஊரில் கல்வீடு கட்டி, ஓய்வூதியத்தோடு திரும்பியவர்கள். திரும்பாதவர்களைப் பற்றி நாம் குறைவாகவே பேசுகிறோம். தமிழ்நாட்டிலிருந்து இறப்பர்த் தோட்டங்களுக்குக் கொண்டுசெல்லப்பட்ட தொழிலாளரைப் பற்றி அதைவிடக் குறைவாகவே பேசுகிறோம்.

யப்பானியப் படை 1942 பெப்ரவரியில் சிங்கப்பூரைக் கைப்பற்றியது. பர்மாவில் இருந்த தன் படைகளுக்குத் தரைவழியாக உணவும் ஆயுதமும் அனுப்புவதற்காகச் சயாமையும் பர்மாவையும் இணைத்து 415 கிலோமீற்றர் நீளமான ரயில்பாதையை அமைக்க முடிவு செய்தது. 1942 நடுப்பகுதியில் தொடங்கிய வேலை 1943 ஒக்டோபரில் முடிந்தது. காட்டையும் மலையையும் வெட்டிச் செய்யவேண்டிய அவ்வேலைக்கு 60,000 க்கு மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகளும், பர்மா, மலாயா, யாவா போன்ற இடங்களிலிருந்து இரண்டு இலட்சத்தை அண்மித்த ஆசியத் தொழிலாளரும் பயன்படுத்தப்பட்டனர். மலாயாவிலிருந்து கொண்டுசெல்லப்பட்டோர் ஏறத்தாழ 75,000 பேர். அவர்களில் மிகப் பெரும்பாலோர் தோட்டத் தமிழர். தோட்டங்கள் மூடப்பட்டு வேலையின்றிப் பட்டினி கிடந்தவர்களைக் கூலி தருவதாகச் சொல்லிக் கூட்டிப்போனார்கள். வராதவர்களை வலுக்கட்டாயமாக ஏற்றினார்கள்.

1943 மழைக்காலத்தில் கொலரா வந்தது. போர்க்கைதிகளிடம் சொந்த மருத்துவர்களும் ஓர் இராணுவக் கட்டுக்கோப்பும் இருந்தன. தமிழ்க் கூலிகளுக்கு அவை எதுவும் இருக்கவில்லை. குடும்பமாக வந்தவர்கள் குடும்பமாகச் செத்தார்கள். போர்க்கைதிகளில் 12,000 க்கு மேற்பட்டோர் இறந்தனர். ஆசியத் தொழிலாளரில் இறந்தோர் 90,000 வரை என்று மதிப்பிடப்படுகிறது. போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் வரிசை வரிசையாகக் கல்லறைகள் உண்டு. 6,900 க்கு மேற்பட்ட கல்லறைகள், பெரும்பாலானவற்றில் பெயர், வயது, படைப்பிரிவு. தமிழ்த் தொழிலாளருக்கு அப்படி எதுவும் இல்லை. பெயர்ப் பட்டியலே ஒழுங்காக வைக்கப்படவில்லை.

பாதை முடிந்த பின்னரும் உயிர் தப்பியவர்கள் பராமரிப்பு வேலைக்கென்று அங்கேயே வைக்கப்பட்டிருந்தார்கள். 1945 ஓகஸ்ட் 15 இல் சக்கரவர்த்தியின் குரல் வானொலியில் வந்த பிறகே அவர்களுக்கு விடிவு கிடைத்தது. ஆகவே மாஸ்ரரின் குடும்பம் அந்தக் குண்டுக்கு நன்றி சொல்வதில் வியப்பில்லை. நான்கிங்கில், சிங்கப்பூரில், மணிலாவில் யப்பானியப் படையிடம் சிக்கிய இலட்சக்கணக்கான ஆசியக் குடும்பங்களில் இதே உணர்வு இருந்தது. ஹிரோஷிமாவைப் பற்றிப் பேசும்போது யப்பான் செய்ததைச் சொல்லாமல் விடுபவர், மாஸ்ரரின் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது.

4

இவ்வளவையும் ஏற்றுக்கொண்ட பிறகும் மாஸ்ரரின் முடிவை என்னால் ஏற்க முடியவில்லை. காரணங்களை ஒவ்வொன்றாகச் சொல்கிறேன்.

முதலாவது, பெரியப்பாவைக் கொன்றவர்கள் யார்? ரயில்பாதைக்குத் திட்டமிட்டவர்கள், கட்டளையிட்டவர்கள், சவுக்கோடு நின்றவர்கள். இவர்களில் எவரையும் தேடி அந்தக் குண்டு போடப்படவில்லை. அது தேடிப்போனது நெருக்கமாக வீடுகள் உள்ள ஒரு நகரத்தை. செத்தவர்களில் கொரியர்கள் பல்லாயிரம் பேர். பெரியப்பாவைப் போலவே யப்பானின் கட்டாய உழைப்புக்கு இழுத்துவரப்பட்டவர்களும் அவர்களிடையே இருந்தார்கள். அவர்களுக்காக 1970 இல் எழுப்பப்பட்ட நினைவுக்கல், சமாதானப் பூங்காவுக்கு உள்ளே நகர்த்தப்பட 1999 வரை காத்திருக்க நேர்ந்தது. சாவிலும் கூட வெளியே நிறுத்தப்பட்டவர்கள். சயாம் காட்டில் செத்த தமிழ்க் கூலிக்காக ஹிரோஷிமாவில் இன்னொரு கூலி எரிந்தான் என்பதை நியாயம் என்று எப்படிச் சொல்வது?

இரண்டாவது, குண்டை வீசத் தீர்மானித்தவர்களின் கணக்கில் அந்தத் தமிழ்க் கூலி ஒருபோதும் இருக்கவில்லை. ஸ்ரிம்சன் எழுதிய பெரிய எண் அமெரிக்கப் படையினரைப் பற்றியது. போர் முடிந்ததும் வெற்றிபெற்றவர்கள் தமது போர்க்கைதிகளின் எலும்புகளைத் தேடி எடுத்து அடக்கம் செய்தார்கள். எமது ஆட்களின் எலும்பு தண்டவாளத்தோரம் கிடந்தது. 1951 செப்டெம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் யப்பானோடு சமாதான உடன்படிக்கை செய்தபோது, இலங்கையின் நிதியமைச்சராகச் சென்ற ஜே.ஆர். ஜெயவர்த்தனா, பகை குறித்த புத்தரின் போதனையை எடுத்துச் சொல்லி, இலங்கை நட்டஈடு கோராது என்று அறிவித்தார். அவர் எடுத்துச் சொன்ன இழப்புகளில் இலங்கைமீது நடந்த விமானத் தாக்குதல்கள் இருந்தன. சயாம் காட்டில் செத்தவர்கள் பேச்சில் வரவில்லை. இந்தியாவும் 1952 இல் தனி உடன்படிக்கை செய்து நட்டஈட்டைக் கைவிட்டது. மலாயாத் தமிழனுக்காகப் பேச எவரும் இல்லை. செத்தபோது கணக்கில் வராதவனைக் குண்டுக்கு நியாயம் தேவைப்படும்போது மட்டும் கணக்கில் சேர்ப்பது அவனுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம்.

இடையே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். சான் பிரான்சிஸ்கோவில் யப்பானுக்குக் கருணை காட்டிய அதே ஜே.ஆர். தான் 1983 யூலையில் எங்கள் வீடுகள் எரிந்தபோது ஜனாதிபதியாக இருந்தவர். தூரத்தில் இருப்பவரிடம் இரக்கம் காட்டுவது சுலபம். யப்பானிலிருந்து எட்டாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால் இருந்துகொண்டு ஹிரோஷிமாவுக்கு அழும் எங்களுக்கும் இது பொருந்தும்.

மூன்றாவதுதான் எனக்கு முக்கியமானது. ‘சிலரைக் கொன்றால் பலர் பிழைப்பர்’ என்ற கணக்கை ஏற்றுக்கொண்டால், அதன் பிறகு எல்லாம் அளவைப் பற்றிய பேச்சாகிவிடும். எத்தனை பேர் என்பது மட்டுமே கேள்வியாக நிற்கும். அந்த எண்ணைச் சொல்பவன் எப்போதும் குண்டை வைத்திருப்பவனே. அதைச் சரிபார்க்கவும் வழியில்லை. ஏனெனில் காக்கப்பட்டதாகச் சொல்லப்படும் உயிர்கள் நடக்காத ஒரு படையெடுப்பில் போகாத உயிர்கள். எரிந்த பிள்ளைகள் மட்டும் நிச்சயமானவர்கள்.

போரில் பொதுமக்கள் சாவது வேறு, பொதுமக்களைச் சாகடித்து அந்தச் சாவின் மூலம் எதிரி அரசைப் பணிய வைப்பது வேறு. முன்னையதைத் தவிர்க்க முடியாமல் போகலாம். பின்னையதில் அப்பிள்ளை ஒரு கருவி. ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழகம் 1956 இல் ட்ரூமனுக்குக் கௌரவப் பட்டம் வழங்க முன்வந்தபோது அதை எதிர்த்து நின்ற மெய்யியலாளர் எலிசபெத் ஆன்ஸ்கோம்பின் வாதத்தின் சாரமும் இதுவே. குற்றமற்றவரைக் கொல்வதை ஒரு நோக்கத்துக்கான வழியாகத் தெரிவு செய்வது கொலை, நோக்கம் எதுவானாலும்.

5

இந்தக் கோடு ஒரே நாளில் அழிக்கப்படவில்லை. நாம் வாழும் டென்மார்க்கின் தலைநகரம் இதை முன்னமே அனுபவித்தது. 1807 செப்டெம்பர் 2 முதல் 5 வரை பிரித்தானியப் படை கொப்பன்ஹேகன் நகரத்தின்மீது குண்டும் எரிகணையும் பொழிந்தது. டென்மார்க் அப்போது போரில் இல்லாத நடுநிலை நாடு. டெனிஷ் கப்பற்படை நெப்போலியன் கையில் சிக்கிவிடும், அப்படிச் சிக்கினால் பெருநாசம் விளையும் என்பதே சொல்லப்பட்ட காரணம். நகரம் எரிந்தது, தேவாலயக் கோபுரம் சரிந்தது, கப்பற்படை கைமாறியது. அடுத்த ஆண்டு பிரித்தானியப் பாராளுமன்றத்தில் இதைப் பற்றிக் கடும் விவாதம் நடந்தது. வரவிருந்த பெரிய தீமையைத் தடுக்க இந்தச் சிறிய தீமை என்ற வாதம் அப்போதே தயாராக இருந்தது.

1939 செப்டெம்பர் 1 ஆம் திகதி, போர் தொடங்கிய அன்றே, அமெரிக்க ஜனாதிபதி ரூஸ்வெல்ற் போரிடும் அரசுகளுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தார். பொதுமக்கள்மீது விமானத்திலிருந்து குண்டு வீசாதீர்கள் என்பதே அது. ஐந்தரை ஆண்டுகளுக்குப் பிறகு, 1945 மார்ச் 9 இரவு தொடங்கி மறுநாள் விடிவதற்குள் அமெரிக்க விமானங்கள் தீக்குண்டுகளால் டோக்கியோவில் ஏறத்தாழ ஒரு இலட்சம் பேரை எரித்தன. ஓகஸ்டில் அணுகுண்டு வந்தபோது தடுத்து நிறுத்த எந்தக் கோடும் மிச்சமிருக்கவில்லை. எதிரி செய்கிறான், நாமும் செய்வோம் என்று படிப்படியாக இறங்கிய பாதையின் கடைசிப் படி அது.

கோடு அழிகிறது என்று எச்சரித்தவர்களும் உண்டு. அணுவின் அமைப்பை விளக்கி 1922 இல் நோபல் பரிசு பெற்ற டெனிஷ் விஞ்ஞானி நீல்ஸ் போஹ்ர், தாய்வழியில் யூதர். 1943 செப்டெம்பர் இறுதியில் கைதுசெய்யப்படும் அபாயம் வந்தபோது இரவோடிரவாகப் படகேறிச் சுவீடனுக்குத் தப்பினார். எங்களைப் போல் கடல் கடந்த ஓர் அகதி. பிரித்தானியாவுக்கும் பின்னர் அமெரிக்காவுக்கும் சென்று அணுகுண்டுத் திட்டத்தில் ஆலோசகராக இருந்தார். இந்த ஆயுதத்தை இரகசியமாக வைத்திருந்தால் முடிவில்லாத ஆயுதப் போட்டி வரும், இப்போதே சோவியத் ஒன்றியத்திடம் சொல்லிக் கூட்டுக் கட்டுப்பாட்டுக்கு வழி தேட வேண்டும் என்று 1944 மே மாதம் சேர்ச்சிலிடமும் ஓகஸ்டில் ரூஸ்வெல்ற்றிடமும் நேரில் கூறினார். செப்டெம்பரில் அவ்விரு தலைவர்களும் கையெழுத்திட்ட குறிப்பில் இரண்டு விடயங்கள் இருந்தன. தக்க ஆலோசனைக்குப் பின் குண்டை யப்பானியர்மீது பயன்படுத்தலாம் என்பது ஒன்று. போஹ்ரைக் கண்காணிக்க வேண்டும் என்பது மற்றது. போஹ்ர் ஹிரோஷிமாவைக் காப்பாற்றப் பேசினார் என்று நான் சொல்லவில்லை. அவர் கவலை போருக்குப் பிந்திய உலகைப் பற்றியது. ஆனால் அவரைக் கேட்க மறுத்த அதே மேசையில்தான் கணக்கும் போடப்பட்டது.

6

‘போர் என்றால் இப்படித்தான், சட்டம் தர்மம் எல்லாம் பிறகு’ என்று சொல்வோருக்கு இரண்டு தீர்ப்புகளை நினைவூட்டலாம். 1963 டிசெம்பர் 7 இல் டோக்கியோ மாவட்ட நீதிமன்றம், குண்டுவீச்சுக்கு உள்ளானவர்கள் தொடுத்த வழக்கில், அணுகுண்டு வீசியது அக்காலச் சர்வதேசச் சட்டத்தின்படியே சட்டவிரோதம் என்று தீர்ப்பளித்தது. நட்டஈடு மட்டும் கிடைக்கவில்லை. 1996 யூலை 8 இல் சர்வதேச நீதிமன்றம் அணுவாயுதம் பற்றிய தன் ஆலோசனைக் கருத்தில், ஒரு நாட்டின் இருப்புக்கே ஆபத்து வரும் நிலையில் அதைப் பயன்படுத்துவது சட்டபூர்வமா இல்லையா என்று உறுதியாகக் கூற முடியாது என்று விட்டுவிட்டது. அதை ஏற்காமல், எந்தச் சூழ்நிலையிலும் அது சட்டவிரோதமே என்று மாறுபட்ட தீர்ப்பு எழுதியவர்களில் ஒருவர் இலங்கையரான நீதிபதி கிறிஸ்ரோபர் வீரமந்திரி. பல சமயங்களின் போர் நெறிகளை அவர் அதில் எடுத்துக் காட்டினார். பகைவரின் இனம் முழுவதையும், ஆயுதம் ஏந்தாதவரையும் சேர்த்து அழிக்கக்கூடிய ஆயுதம் இலக்குவன் கையில் வந்தபோது இராமன் அதைத் தடுத்த இராமாயணச் செய்தியும் அதில் வருகிறது. அந்தப் பகைவர் இலங்கை மக்கள் என்பதை அவரும் அறிவார், நாமும் அறிவோம்.

7

இப்போது எங்களிடம் வருகிறேன். இதற்காகத்தான் இவ்வளவும் எழுதினேன்.

2009 இல் இலங்கை அரசு வன்னியில் செய்ததற்கு ‘மனிதாபிமான நடவடிக்கை’ என்று பெயர் வைத்தது. தானே அறிவித்த பாதுகாப்பு வலயங்களில் ஷெல் விழுந்தது. வைத்தியசாலைகளில் விழுந்தது. 40,000 வரையான பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011 இல் கூறியது. அரசு முதலில் சாவே இல்லை என்றது. பிறகு மெல்ல மெல்ல வந்த வாதம் எது? போர் முடிந்தது, முப்பது ஆண்டுச் சாவு நின்றது, இனிச் சாகவிருந்தவர்கள் பிழைத்தார்கள். இது ஸ்ரிம்சனின் வாதமே. இதை ஹிரோஷிமாவில் ஏற்றுக்கொண்டு முள்ளிவாய்க்காலில் மறுக்க எங்களால் முடியாது. மாஸ்ரர் அந்தக் குண்டுக்கு நன்றி சொல்லும்போது, தான் அறியாமலே, தன் சொந்த ஊரவர்மீது வீழ்ந்த ஷெல்லுக்கும் ஒரு நியாயத்தை எழுதிக் கொடுக்கிறார்.

ஆனால் இங்கே நிறுத்திக்கொண்டால் நானும் பாதி உண்மையே பேசியவனாவேன். 1995 யூலை 9 இல் நவாலி தேவாலயத்தில் தஞ்சம் புகுந்திருந்தவர்கள்மீது விமானப்படை குண்டு வீசி நூற்றுக்கு மேற்பட்டோர் செத்தபோது ஐரோப்பிய நகரங்களில் ஊர்வலம் போனோம். அது சரி. 1996 ஜனவரி 31 இல் கொழும்பு மத்திய வங்கியில் புலிகளின் குண்டு வெடித்து ஏறத்தாழ 90 பேர் செத்து, 1,400 பேர் காயப்பட்டபோது எம்மில் எத்தனை பேர் வாய் திறந்தோம்? 1985 மே மாதம் அநுராதபுரத்தில் பேருந்து நிலையத்திலும் புனித மரத்தடியிலும் 146 பேர் சுடப்பட்டபோது? 1990 ஓகஸ்ட் 3 இல் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டபோது? அதே ஆண்டு ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்கள் விரட்டப்பட்டபோது? ‘பொருளாதார இலக்கு’ என்றோம். ‘அவர்கள் செய்ததற்குப் பதில்’ என்றோம். ‘இப்படி அடித்தால்தான் பேச்சுக்கு வருவார்கள்’ என்றோம். கடைசி வசனம் 1945 மே மாதம் வாஷிங்டன் குழுவில் பேசப்பட்டதற்கு வெகு அருகில் இருக்கிறது.

சிலர் சொல்வார்கள்: அரசின் குண்டையும் ஒடுக்கப்பட்டவரின் குண்டையும் ஒரே தராசில் வைக்கலாமா? வைக்கக்கூடாது என்பதை ஏற்கிறேன், அரசியலைப் பேசும்போது. யார் ஒடுக்குபவர், யார் ஒடுக்கப்படுபவர், யாரிடம் விமானம் இருந்தது, போராட்டம் ஏன் வந்தது என்பவை எல்லாம் பெரிய கேள்விகள். ஹிரோஷிமாவிலும் அப்படியே. யப்பான் ஆக்கிரமிப்பாளன், அதை எதிர்த்த போர் நியாயமானது. அந்த நியாயம் பாடசாலைப் பிள்ளையைக் கருவியாக்கும் உரிமையைத் தரவில்லை. நியாயமான போர் நடத்துபவரும் கொலை செய்ய முடியும் என்பதையே ஹிரோஷிமா காட்டுகிறது. தங்கள் பக்கம் நியாயம் இருக்கிறது என்று உறுதியாக நம்பும் மக்கள் கற்கவேண்டிய பாடம் அது. நாங்கள் அத்தகைய மக்கள்.

முள்ளிவாய்க்காலில் அந்த மக்கள் வெளியேறாதபடி தடுத்ததும், தப்பியோடியவர்களைச் சுட்டதும் எம் பெயரால் போராடியவர்களே என்பதும் அதே ஐ.நா. குழு அறிக்கையில் இருக்கிறது. இரண்டு பக்கமும் அந்த மக்களைக் கருவியாகவே பார்த்தன. ஒரு பக்கம் குறி, மறுபக்கம் கவசம்.

8

சில வாரங்களுக்குப் பிறகு மாஸ்ரரை அவர் வீட்டில் போய்ச் சந்தித்தேன். இவற்றையெல்லாம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டார். கடைசியில், “அப்ப என்ர பெரியப்பாவின்ர கணக்கை ஆர் தீர்க்கிறது, தம்பி?” என்றார்.

அந்தக் கணக்கை ஹிரோஷிமாப் பிள்ளைகளால் தீர்க்க முடியாது, ஐயா, என்றேன். அவர் மறுக்கவில்லை. ஏற்றுக்கொண்டதாகவும் சொல்லவில்லை. உள்ளே போய் ஒரு பழைய படத்தை எடுத்து வந்து காட்டினார். கோட்டுப் போட்ட ஓர் இளைஞர், கோலாலம்பூர் ஸ்ரூடியோ ஒன்றில் எடுத்த படம். பின்புறத்தில் பெயரும் ஆண்டும் மையால் எழுதியிருந்தது.

யப்பான் அணுகுண்டில் உயிர் தப்பியவர்களின் அமைப்புக்கு 2024 இல் நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. அவர்கள் எழுபது ஆண்டுகளாகச் செய்தது தமக்கு நடந்ததைச் சாட்சியமாகச் சொல்வதும், இது வேறு எவருக்கும் நடக்கக்கூடாது என்று கேட்பதும்தான். பழிக்குப் பழி கேட்கவில்லை. எங்கள் பக்கத்தில் மலாயாவில் இழந்தவர்களின் பட்டியல் இன்னும் எழுதப்படவில்லை. டென்மார்க்கிலும் நோர்வேயிலும் கனடாவிலும் உள்ள எங்கள் வீடுகளில் இப்படியான படங்கள் எத்தனை கிடக்கின்றன? அவற்றின் பின்புறத்தில் உள்ள பெயர்களை இப்போதாவது சேர்க்கலாம். அடுத்த ஓகஸ்டில் நாங்கள் கூடும்போது ஹிரோஷிமாவோடு அந்தப் பெயர்களையும் வாசிக்க வேண்டும் என்று மாஸ்ரரிடம் கேட்டிருக்கிறேன். காத்தான்குடியையும் அநுராதபுரத்தையும் அதே நாளில் பேசலாமா என்று கேட்டபோது மட்டும் அவர் சற்று யோசித்தார். “சனம் வருமோ தெரியாது,” என்றார்.

வருமா என்பதை நானும் அறியேன். மாற்றுக் கருத்துள்ள நண்பர்கள் எழுத வேண்டும். ஒடுக்கப்பட்டவரின் கணக்கு வேறு என்று உறுதியாக நம்புபவர்கள் முதலில் எழுத வேண்டும். அவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். உங்கள் கணக்கில், செலவுப் பக்கத்தில் எழுதப்படும் பிள்ளை உங்கள் பிள்ளையாக இருந்தாலும் அது சரியாக வருமா என்று பார்த்துவிட்டு எழுதுங்கள்.